பழைய ஜீப்பும் புதிய பூச்சும்

ஒருவர் இல்லத்துக்குச் செல்வோர் வாயிலில் நின்று குரல் கொடுப்பதே வழக்கம். அட்டனிலிருந்து சில மைல் தொலைவில், தேயிலைச் சரிவொன்றின் அடியில் வாழும் என் நண்பர் வீட்டுக்குச் செல்வோர் அவ்வாறு செய்வதிற் பயனில்லை. நேரே பின்புறத்துத் தகரக் கொட்டிலுக்குச் சென்று, அங்கே ஒரு வாகனத்தின் அடியிலிருந்து நீண்டு கிடக்கும் இரண்டு கால்களை நோக்கிப் பேசத் தொடங்குதல் வேண்டும். கால்கள் விடை கூறும்.

நண்பர் தேயிலைத் தொழிற்சாலையொன்றிற் பொறிகளை மேற்பார்வை செய்து ஓய்வு பெற்றவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஓய்வு பெற்றவர்களிற் சிலர் கோயிற்பணி செய்வர். சிலர் பேரப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுப்பர். இவரோ ஆறு ஆண்டுகளாக, இரண்டாம் உலக மகாயுத்த காலத்து இராணுவ ஜீப் ஒன்றைத் தம் கையாலேயே பழுது பார்த்து வருகிறார்.

அதனை முதன்முறை கண்டபோது எனக்கு மகிழ்ச்சி உண்டாகவில்லை என்பதை ஒளிக்காமற் சொல்லிவிடுகிறேன். வடக்கிலே பிறந்து, போர்க்காலத்தில் வளர்ந்தவன் நான். பச்சை வர்ணப் படை வாகனம் ஒழுங்கையில் நுழையும் ஓசை கேட்டால், படலையைச் சாத்திவிட்டு உள்ளே போவதே எங்கள் பழக்கம். அத்தகைய பொருளொன்றை ஒருவர் கைக்குழந்தையைத் துடைப்பதுபோலத் துடைத்துக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்? “ஐயா, யுத்தத்துக்கென்று செய்த பொருளுக்கு இத்தனை உபசாரமா?” என்று கேட்டேவிட்டேன்.

அவர் சினக்கவில்லை. “மாஸ்டர், இது துவக்கு அல்ல; சுமைதாங்கி. இங்கே வந்து பாருங்கள்” என்று சொல்லி முன்விளக்கொன்றின் பின்னாலிருந்த திருகைத் தளர்த்தினார். வீதியை நோக்கியிருந்த விளக்கு கீல் வழியே பின்புறமாகத் திரும்பி எஞ்சினை நோக்கி ஒளி வீச ஆயத்தமாக நின்றது. இருளிலே வழியிற் பழுதுபட்டால், கையிற் பந்தம் பிடிக்க ஓர் ஆளின்றியே வேலை செய்வதற்கான ஏற்பாடு அது. இதை எண்ணிப் பார்த்தவன், கடைசியில் இதனைத் திருத்தப் போகும் மனிதனையும் எண்ணிப் பார்த்தவன் என்பது நண்பரின் கருத்து. அன்றைக்கு எனக்கு அந்த விடை போதியதாயிருந்தது.

இந்த வாகனம் பிறந்த கதை மாணவர்கள் அறிந்துகொள்ளத் தக்கது. 1940ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலே அமெரிக்க இராணுவம் 135 தொழில் நிறுவனங்களுக்கு அழைப்பு அனுப்பியது. நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் இலேசான சிறு வாகனம் வேண்டும். நிறை 1,300 இறாத்தலுக்கு மேற்படலாகாது. மாதிரி வாகனம் 49 நாட்களில் வந்து சேர வேண்டும் என்பன நிபந்தனைகள். இதைக் கண்டு பெரும்பாலான நிறுவனங்கள் வாய் திறக்கவில்லை. பென்சில்வேனியா மாநிலத்திலே பட்லர் என்னும் ஊரில், நொடிந்துபோகும் நிலையிலிருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சிறிய மோட்டார் நிறுவனந்தான் துணிந்து முன்வந்தது. கார்ள் புரொப்ஸ்ட் என்னும் பொறியியலாளர் ஜூலை 17ஆந் தேதி வரைபலகை முன் அமர்ந்தார். இரண்டு நாட்களில் வாகனத்தின் அடிப்படை வரைபடங்கள் ஆயத்தமாயின. செப்டெம்பர் 23ஆந் தேதி, தவணை முடிவதற்கு அரைமணி நேரம் இருக்கையில், மேரிலாந்து மாநிலத்து ஹோலாபேர்ட் முகாமுக்குள் அந்த மாதிரி வாகனம் ஓடி வந்து நின்றது. 1,300 இறாத்தல் என்ற நிபந்தனையை அதுவும் நிறைவேற்றவில்லை. பின்னர் வந்த எவருமே நிறைவேற்றவில்லை.

ஆயினும் பாண்டத்துக்குக் கிடைத்த பரிசு யாது? படையினருக்கு வேண்டிய தொகையை அச்சிறு நிறுவனத்தாற் செய்து கொடுக்க இயலாது என்று கருதிய இராணுவம், அதன் வரைபடங்களை விலிஸ்-ஓவர்லாண்ட், ஃபோர்ட் ஆகிய நிறுவனங்களும் பார்க்குமாறு செய்தது. விலிஸிடம் 60 பரிவலு தரும் நல்லதோர் எஞ்சின் இருந்தது. ஆகவே விலிஸின் வடிவமே தேர்ந்தெடுக்கப்பட்டது. அதே வடிவத்தை ஃபோர்டும் செய்தது. யுத்தம் முடிவதற்குள் விலிஸ் ஏறக்குறைய 3,60,000 ஜீப்புகளையும், ஃபோர்ட் ஏறக்குறைய 2,80,000 ஜீப்புகளையும் செய்து அனுப்பின. பாண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. அப்பால் அது ஜீப்புகளின் பின்னே இழுபடும் சிறு வண்டிகளைச் செய்து காலங் கழித்தது. வித்திட்டவன் வேறு, விளைச்சலை அள்ளியவன் வேறு என்பதற்கு வகுப்பறையில் நான் கூறும் உதாரணங்களில் இதுவும் ஒன்றாகிவிட்டது. ‘ஜீப்’ என்ற பெயர் எவ்வாறு வந்தது என்று கேட்காதீர்கள். அதற்கு வழங்கும் கதைகளை எண்ணி முடியாது.

நம் நாட்டுக்கு இவை வந்த வழி நேரானது. 1944ஆம் ஆண்டு ஏப்ரலில் அட்மிரல் மவுண்ட்பேற்றன் தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தை டில்லியிலிருந்து பேராதனைக்கு மாற்றினார். பேராதனைப் பூந்தோட்டத்து மரநிழலிலே யுத்தத் திட்டங்கள் வரையப்பட்டன. மலைநாட்டு வீதிகளிலே ஜீப்புகள் ஓடின. யுத்தம் முடிந்தபின் உலகெங்கணும் இவை படையினரின் கையிலிருந்து பொதுமக்களின் கைக்கு மாறின. பிலிப்பைன்ஸ் நாட்டார் தங்களுக்குக் கிடைத்தவற்றை நீட்டி, இருக்கைகள் அமைத்து, சித்திர வேலை செய்து, ‘ஜீப்னி’ என்னும் பயணிகள் வண்டியாக்கிவிட்டனர். இந்தியாவிலே மஹிந்திரா நிறுவனத்தார் 1947ஆம் ஆண்டில் விலிஸ் ஜீப்புகளைப் பொருத்தி விற்கத் தொடங்கினர். அமெரிக்காவிலோ, பெட்டியில் அடைத்த புத்தம்புதிய ஜீப் ஐம்பது டொலருக்குக் கிடைக்கும் என்று சஞ்சிகைகளிற் பல்லாண்டு காலம் விளம்பரம் வந்தது. பணம் அனுப்பியவருக்குக் கிடைத்தது ஜீப் அன்று. அரசாங்க ஏலத்தில் எவ்வாறு கலந்துகொள்வது என்று கூறும் சிறு பிரசுரமே கிடைத்தது. ஏமாற்றுவோர் எந்நாட்டிலும் நம்மவரே!

நண்பரின் ஜீப் அருகிலுள்ள தோட்டமொன்றில் நெடுங்காலம் ஓடி, பின் ஒரு கொட்டிலில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோழிகளுக்கு உறைவிடமாயிருந்து, பழைய இரும்பு விலைக்கு இவரிடம் வந்து சேர்ந்தது. முதல் வேலை அதனைக் கழுவுவதன்று. அது யார் பிள்ளை என்று அறிவது. விலிஸ் செய்ததற்கும் ஃபோர்ட் செய்ததற்கும் வெளித்தோற்றத்தில் வேற்றுமை காண்பது அரிது. ஆனால் முன்புறத்துக் காற்றுத் தடுப்பின்கீழே சட்டத்தின் குறுக்குத் துண்டைத் தடவிப் பார்த்தால், விலிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டிலே கவிழ்த்த பள்ள வடிவம். மேலும், ஃபோர்ட் நிறுவனத்தார் தாங்கள் செய்த பெரும்பாலான உறுப்புகளிலும், திருகாணித் தலைகளிலுங்கூட ‘எஃப்’ என்னும் ஆங்கில எழுத்தைப் பொறித்துவிட்டனர். பிறர் செய்த உறுப்பு பழுதுபட்டால் அந்தப் பழி தங்கள்மீது வரலாகாது என்ற முன்யோசனையாக இருக்கலாம். நண்பர் மசகையும் மண்ணையும் சுரண்டியபோது முதலில் கண்ணிற்பட்டது அந்த ‘எஃப்’ எழுத்துத்தான். பின்னர் சட்டத்தின் இடப்பக்க மேற்புறத்தில், ‘ஜீ.பீ.டபிள்யூ.’ என்று தொடங்கும் இலக்கமும் வெளிப்பட்டது. அந்த மூன்றெழுத்தில் முதலாவது அரசாங்க ஒப்பந்தத்தையும், அடுத்தது 80 அங்குலச் சக்கர இடைவெளியையும், கடைசி விலிஸ் வகுத்த எஞ்சினையும் குறிக்கும்.

துருவை நீக்கும் வேலையைக் காண்பதற்கென்றே நான் சில வாரங்கள் சென்றதுண்டு. சிறு உறுப்புகளுக்கு அவர் கையாள்வது சீனி ஆலையிற் கழிவாக எஞ்சும் கரும்புப் பாகு. ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் சேர்த்துப் பீப்பாயில் ஊற்றி, துருப்பிடித்த இரும்பை அதனுள் அமிழ்த்தி, இரண்டு மூன்று கிழமை மறந்துவிட வேண்டும். பாகிலுள்ள சில சேர்வைகள் துருவிலுள்ள இரும்பைக் கவ்விக் கரைசலுக்குள் இழுத்துக்கொள்ளும். நல்ல இரும்புக்கு அதிக சேதமில்லை. மூக்குக்குத்தான் சேதம். அலுமினிய உறுப்பை மட்டும் தவறியும் அதிலே போடலாகாது.

இன்னொரு முறை நம் உயர்தர வகுப்பு மாணவர்கள் இரசாயனத்திலே படிக்கும் மின்பகுப்பேயாகும். ஒரு வாளித் தண்ணீரிற் சிறிதளவு சலவைச் சோடாவைக் கரைத்து, துருப்பிடித்த உறுப்பை மின்னேற்றியின் எதிர் முனையிலும், பயனற்ற இரும்புத் துண்டொன்றை நேர் முனையிலும் இணைத்து உள்ளே தொங்கவிட்டால், உறுப்பின் மேனியில் ஐதரசன் குமிழிகள் எழும். துரு தளர்ந்து உதிரும். இதிலே இரண்டு எச்சரிக்கைகள் உள. ஐதரசன் தீப்பற்றும் வாயுவாதலாற் காற்றோட்டமுள்ள இடத்திற் செய்தல் வேண்டும். நேர் முனைக்குத் துருவேறா உருக்கை உபயோகித்தல் கூடவே கூடாது. அதிலுள்ள குரோமியம் நஞ்சாகக் கரைந்து வரும். துருவேறாதது சிறந்தது என்றெண்ணிச் சமையலறைக் கரண்டியை எடுத்து வரும் கெட்டிக்காரர்களுக்காகவே இதனை எழுதுகிறேன்.

ஜீப்பின் தளத்திற்கு அடியில் இரும்புப் பட்டிகளினுள்ளே மரச்சட்டங்களைச் செருகியிருப்பார்கள். மரம் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். இரும்பு உள்ளிருந்தே அரிக்கப்படும். வெளியே வர்ணம் பளபளக்க, உள்ளே ஒன்றுமிராது. ஓட்டுநர் இருக்கையின் கீழ் எண்ணெய்த்தாங்கி அமர்ந்திருக்கும் பள்ளமும் இவ்வாறே நீர் தேங்கி ஓட்டையாகும். நண்பர் இவ்விரண்டு இடங்களையும் வெட்டி, புதிய தகட்டை உருக்கி ஒட்ட ஓராண்டு சென்றது.

எஞ்சின் இறுகிக் கிடந்தது. உருளைகள் நான்கிலும் எண்ணெய் வார்த்து, நாள்தோறும் காலையில் முன்புறத்துக் கைப்பிடியை மெல்ல அசைத்துப் பார்ப்பார். வலிந்து திருப்பினால் முசலத்து வளையங்கள் உடையும். ஏழாவது கிழமை ஒரு நூலளவு அசைந்தது என்று எனக்குத் தொலைபேசியில் அறிவித்தார். மகள் விவாகத்தையும் அவர் அத்துணை மகிழ்ச்சியோடு அறிவித்ததாக நினைவில்லை.

அந்த எஞ்சினைப் பற்றி ஒரு சொல். அதன் அமுக்க விகிதம் ஆறரைக்கும் சற்றே குறைவு. இக்காலத்துக் கார்களுடையதில் ஏறக்குறைய அரைவாசி. ஆதலால் தரங்குறைந்த எண்ணெயையும் அது பொறுத்துக்கொள்ளும். யாழ்ப்பாணத்திற் பொருளாதாரத் தடை நிலவிய 1990ஆம் ஆண்டுகளில், ஒஸ்டின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயிலே ஓடியதை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வீதியெங்கும் புகை; ஆனால் நோயாளி வைத்தியசாலை போய்ச் சேருவார். அக்காலத்து எங்கள் ஊர்த் திருத்துநர்கள், உதிரிப்பாகம் ஒன்றேனும் வெளியிலிருந்து வாராதபோது பழைய வாகனங்களை உயிரோடு வைத்திருந்தார்கள். இதைச் சொன்னபோது நண்பர் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டு நெடுநேரம் விவரங் கேட்டார். படை வாகனத்தின்மேல் எனக்கிருந்த மனக்கசப்புச் சிறிது இறங்கியதும் அன்றுதான் என்று நினைக்கிறேன்.

வீட்டில் இத்தகைய வேலையில் இறங்க எண்ணும் இளைஞர்கள் சில ஆபத்துக்களை அறிந்திருத்தல் அவசியம். யுத்தகால ஜீப்புகள் பலவற்றின் சக்கரம் இரண்டு பாதிகளை எட்டு நட்டுகளால் இறுக்கிச் செய்யப்பட்டது; வண்டியோடு பிணைப்பவை நடுவிலுள்ள ஐந்து நட்டுகள். ரயரிற் காற்று இருக்கும்போது வெளிவட்டத்து எட்டைக் கழற்றினால் சக்கரம் வெடித்துப் பிளக்கும். இதனால் உயிரிழந்தோர் உளர். இடப்பக்கத்துச் சக்கரங்களை வண்டியோடு பிணைக்கும் நட்டுகள் இடம்புரி மறை உடையன. அதை அறியாமல் வழக்கமான திசையிலே பலங்கொண்டு திருகி ஆணியை முறித்தவர் பலர். நண்பரும் முதல் வாரத்திலேயே ஒன்றை முறித்தார். பழைய வர்ணத்தில் ஈயமும், பிறேக்கின் உட்பூச்சிற் கல்நாரும் இருக்கும். உலர்ந்த நிலையில் உரோஞ்சித் தூளை மூச்சில் இழுக்கலாகாது. அக்காலத்துச் சில படை வாகனங்களின் அளவுகாட்டிகளில் இருளில் ஒளிரும் பொருட்டு றேடியம் கலந்த பூச்சு உண்டு. அவற்றைத் திறந்து சுரண்டுதல் எவ்வகையாலும் தகாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். பழுதுபார்த்தல் வேறு, பழைய நிலைக்கு மீட்டல் வேறு. ஓடாத வண்டியை ஓடச் செய்வது முன்னையது. அதில் வாதத்துக்கு இடமில்லை. மீட்டல் என்னும்போதோ, எந்தப் பழைய நிலைக்கு என்ற கேள்வி எழுகிறது. அமெரிக்காவில் 1976ஆம் ஆண்டில் இராணுவ வாகனப் பேணற் சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. அங்கும் பிரித்தானியாவிலும் இத்தகைய வாகனங்களைப் பேணுவோர் பல்லாயிரவர். அவர்களிற் பெரும்பாலோர் தொழிற்சாலை வாயிலை விட்டு வெளிவந்த நாளின் கோலத்தையே இலட்சியமாகக் கொள்வர். மங்கிய ஒலிவ் பச்சை, வெண்ணிற நட்சத்திரம், இடப்பக்கத்திற் கோடரியும் மண்வெட்டியும், பின்னால் எண்ணெய்க் கலம் என யாவும் அச்சொட்டாக அமைதல் வேண்டும். (இந்தியாவிலே படையினரல்லாதோர் வாகனத்துக்கு ஒலிவ் பச்சை பூசுவதைச் சட்டமே தடுக்கிறது என்பது வேறு விஷயம்.) இதற்கென்றே பிலிப்பைன்ஸிற் புத்தம்புதிய உடற்கூடுகள் செய்து விற்கப்படுகின்றன. புதிய கூடு, புதிய சட்டம், புதிய இருக்கை எல்லாம் வாங்கி, பழையதிலிருந்து இலக்கத் தகடு ஒன்றை மட்டும் கழற்றிப் பொருத்திவிட்டு, “இது 1943ஆம் ஆண்டு ஜீப்” என்று காட்டுவோரும் உளர்.

அது ஜீப்பின் பிரதிமையேயன்றி ஜீப் அன்று என்பது என் எண்ணம். யுத்த காலத்திலேயே ஃபோர்டின் உறுப்பை விலிஸிலும், விலிஸின் எஞ்சினை ஃபோர்டிலும் மாற்றிப் பூட்டினார்கள். பின் எண்பது ஆண்டுகள் எத்தனையோ கைகள் எதையெதையோ மாற்றின. அத்தனையையும் பிழை என்று துடைத்துவிட்டு முதல் நாளுக்குத் திரும்பினால், வாகனம் வாழ்ந்த வாழ்வு போய்விடும். அது பிறந்த நாள் மட்டும் மிஞ்சும். ஆனால் இவ்வாதத்தைப் பிறேக்குவரை கொண்டு செல்லலாகாது. பிறேக்கிற் பழமை பேணுவோர் மலைநாட்டு வளைவுகளில் அதிக தூரம் செல்லார்.

நண்பரும் முதலில் தொழிற்சாலைக் கோலத்தையே விரும்பியிருந்தார். வர்ணத்தை அறிவதற்காக என்ஜின் மூடியின் ஒரு மூலையை நனைந்த மென் அரத்தாளால் வட்டவட்டமாகத் தேய்த்தார். மேலே நீலம், அதன்கீழ் வெள்ளை, அதன்கீழ் சாம்பல், எல்லாவற்றுக்கும் அடியிலே பச்சை. மரத்தை அறுத்தாற் காணும் வளையங்கள் போல அது இருந்தது. பச்சை நிறத்தை அளந்து வர்ணமும் கலக்கக் கொடுத்துவிட்டார். அப்பால் பின்புறத் தளத்தை ஒட்டுவேலைக்கு ஆயத்தஞ் செய்கையில், பக்கத்துக்கு நான்காக வரிசையாய் எட்டுத் துவாரங்கள் கண்ணிற்பட்டன. தொழிற்சாலையில் இடப்பட்டவை அல்ல. பின்னர் எவரோ ஊரிலே துளைத்தவை. அவற்றை அடைப்பதற்குத் தகடு வெட்டிக்கொண்டிருந்த வேளையில், தேநீர் கொண்டு வந்த அவர் மனைவியார் சற்று நின்று பார்த்தார்.

“அதை அடைக்கப் போகிறீர்களா?” என்றார்.

“ஓம். இது பிறகு யாரோ போட்ட ஓட்டை.”

“யாரோ இல்லை. அப்பா போட்டது. அதிலேதான் வாங்கு பூட்டியிருந்தது. நாங்கள் எட்டுப் பிள்ளைகள் அந்த வாங்கிலே இருந்துதான் பள்ளிக்கூடம் போனோம்.”

அம்மையாரின் தந்தையார் அத்தோட்டத்திற் சாரதியாயிருந்தவர் என்பது நண்பருக்குத் தெரியும். அந்த ஜீப்பையும் அவர் ஓட்டியிருக்கிறார் என்பது, விவாகமாகி நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அன்றுதான் தெரிய வந்தது. “இத்தனை வருடமாக இதன் அடியிலே படுத்துக் கிடக்கிறேன், ஏன் ஒரு நாளும் சொல்லவில்லை?” என்று கேட்டாராம். “நீங்கள் கேட்டீர்களா?” என்பது விடை.

அடுத்த முறை நான் சென்றபோது வெட்டிய தகடு சுவரிற் சாய்ந்திருந்தது. துவாரங்கள் திறந்தபடியே இருந்தன; அவற்றின் ஓரம் மட்டும் துருவேறாதபடி சிவப்பு அடிப்பூச்சிடப்பட்டிருந்தது. பச்சை வர்ணம் டப்பாவிலேயே உறைந்துகொண்டிருக்கிறது. நீலந்தான் பூசுவதா, பச்சைதானா என்று கணவனும் மனைவியும் வழக்காடி வருகின்றனர். ஒரு பாதி அது, ஒரு பாதி இது என்று சமாதானம் பேசிய என்னை இருவருமே ஏற்றுக்கொள்ளவில்லை. வாங்கு எந்த மரத்தினாலானது என்பதிலே மட்டும் கருத்து வேற்றுமையில்லை, அது பலா. தச்சரிடம் சொல்லியாகிவிட்டது.

எஞ்சின் கிளம்பிய நாளில் நான் அங்கிருந்தேன். ஆறு வோல்ற்று மின்கலத்தின் வலுவிலே, தரையிலுள்ள விசையைக் காலால் மிதித்தார். இருமுறை முனகி, மூன்றாம் முறை புகையைக் கக்கிக்கொண்டு அது ஓடத் தொடங்கியபோது, கொட்டிற் கூரையிலிருந்த புறாக்கள் அனைத்தும் ஒருங்கே பறந்தன. என் நெஞ்சும் ஒரு கணம் பழைய நினைவிலே துணுக்குற்றது; பொய் சொல்ல மாட்டேன். பின்னர் அம்மையார் தேநீர்க் கோப்பைகளை எஞ்சின் மூடியின்மேல் வைக்க, அவை கிலுகிலுவென்று ஆடியதைக் கண்டு எல்லோரும் சிரித்தோம்.

பிறேக்கின் பிரதான உருளைக்கு வேண்டிய றப்பர் வளையங்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவை வந்ததும் வருகிற சித்திரைக்குள் வண்டி வீதியில் இறங்கிவிடும் என்று நண்பர் உறுதி கூறுகிறார். சென்ற சித்திரைக்கும் அவ்வாறே கூறினார்.